வினா வங்கியா, கையேடா?

மேகத்துக்குள்ளும் கருவிகளை மட்டும் பார்த்து விமானம் ஓட்ட விமானிகள் வாங்கும் தகுதிதான் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங். அமெரிக்காவில் அதன் எழுத்துத் தேர்வில் 60 கேள்விகள், 70 சதவீதம் எடுத்தால் பாஸ். வினா வங்கியை உருப்போட்டுப் போகிறவர்கள் ஒரு ரகம். அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ இலவசமாகத் தரும் கையேடுகளோடு உட்காருகிறவர்கள் இன்னொரு ரகம்.

வேகம் என்றால் வினா வங்கிதான். மதிப்பெண்ணையும் அள்ளலாம். கையேடு சில பக்கங்களில் தூக்கத்தை வரவழைக்கும், பொய் சொல்வானேன்.

ஆனால் மாற்று விமான நிலைய விதியைப் பாருங்கள், அதாவது போகுமிடத்தில் இறங்க முடியாவிட்டால் போக இன்னொரு நிலையத்தைத் திட்டத்தில் எப்போது சேர்க்க வேண்டும் என்பது. போய்ச் சேரும் நேரத்துக்கு ஒரு மணி முன்னிருந்து ஒரு மணி பின்வரை அங்கே மேகத்தளம் 2000 அடி, பார்வைத்தூரம் 3 மைலாவது இருக்கும் என்று முன்னறிவிப்பு சொல்ல வேண்டும்; இல்லையென்றால் மாற்று நிலையம் வேண்டும். இது இருவருக்கும் மனப்பாடம். வாய்மொழித் தேர்வில், “நீங்கள் இறங்கி 40 நிமிடத்தில் மேகம் 1800 அடிக்கு வருமாம், மாற்று நிலையம் வேண்டுமா?” என்று கேட்டால் வங்கிக்காரர் முழிப்பார். சரியான பதில் ‘வேண்டும்’; ‘அதற்குள் நாம் தரையில் இருப்போம்’ என்பதெல்லாம் கணக்கில் வராது.

போதாததற்கு, எழுத்துத் தேர்வில் தவறவிட்ட பகுதிகளின் குறியீடுகள் முடிவுத்தாளில் அச்சாகி வரும். வாய்மொழித் தேர்வை நடத்துபவர் அங்கேதான் தோண்டுவார். நானென்றால் முதலில் கையேடு, கடைசி இரண்டு வாரம் மட்டும் வினா வங்கி.