ஓப்பன் ஆஃபீஸா, லிப்ரே ஆஃபீஸா: மாறச் சொல்லும்முன் ஓர் ஒப்பீடு

கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்று இரண்டாகக் கிளைக்கும்போது, நிரலாளர்கள் புதிய கிளைக்குப் போய்விட, பயனர்கள் பழகிய பெயரோடு பழைய இடத்திலேயே தங்கிவிடுவதுண்டு. ஆவணம், கணக்குத்தாள், விளக்கக்காட்சி ஆகியவற்றைத் தயாரிக்க உதவும் அலுவலக மென்பொருள் தொகுப்புகளான அப்பாச்சி ஓப்பன் ஆஃபீஸும் லிப்ரே ஆஃபீஸும் அப்படிப் பிரிந்தவையே. இவ்விரண்டில் எதைப் பரிந்துரைப்பேன் என்றால், பெரும்பாலோருக்கு லிப்ரே ஆஃபீஸைத்தான். ஆயினும் பல ஆண்டுகளாக ஒரு கருவியோடு பழகியவரிடம் "இது புதியது, அதனால் நல்லது" என்பது காரணமாகாது. அவருடைய அன்றாட வேலையில் எது மாறும், எது மாறாது, எங்கே இடறும் என்று சொல்ல முடிந்தால்தான் அவர் செவிமடுப்பார்.

பெயர்க் குழப்பத்தின் வேர் 2010-இல் இருக்கிறது. ஸ்டார் ஆஃபீஸ் என்ற அலுவலகத் தொகுப்பை உருவாக்கிய ஜெர்மானிய நிறுவனத்தை 1999-இல் வாங்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ், அதன் மூலநிரலை அடுத்த ஆண்டே திறந்து வெளியிட்டது. அதுவே ஓப்பன் ஆஃபீஸ் ஆனது. 2010 ஜனவரியில் சன் நிறுவனம் ஆரக்கிளின் கைக்குப் போக, திட்டத்தின் எதிர்காலம் குறித்துக் கவலைகொண்ட பங்களிப்பாளர்கள் செப்டம்பர் 28 அன்று 'தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பை அறிவித்தனர். லிப்ரே ஆஃபீஸ் என்பது அப்போது தற்காலிகப் பெயராகவே வைக்கப்பட்டது. பழைய பெயரை ஆரக்கிள் தந்துவிடும் என்ற நம்பிக்கை இருந்தது. 2011 ஜூனில் ஆரக்கிள் நிரலையும் பெயரையும் சேர்த்து, கட்டற்ற மென்பொருள் திட்டங்களைப் பேணும் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்தது. எல்லோரும் அறிந்த பெயர் ஓரிடத்திலும் வேலை செய்யும் கைகளில் பெரும்பகுதி வேறிடத்திலுமாகப் பிரிந்தது இப்படித்தான்.

பயனர்கள் கவனிக்காத, ஆனால் இரண்டின் தலையெழுத்தையும் தீர்மானித்த வேறுபாடு உரிமத்தில் இருக்கிறது. ஓப்பன் ஆஃபீஸ் அப்பாச்சி உரிமம் 2.0-இன் கீழும், லிப்ரே ஆஃபீஸ் முதன்மையாக மொசில்லா பொது உரிமம் 2.0-இன் கீழும் வருகின்றன. அப்பாச்சி உரிமத்தில் உள்ள நிரலை லிப்ரே ஆஃபீஸ் எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். மறுதிசையில் அப்பாச்சியின் விதிகள் அதற்கு இடம் தருவதில்லை. 2013-இல் வெளிவந்த ஓப்பன் ஆஃபீஸ் 4.0-இன் பெருமைக்குரிய அம்சம், ஐபிஎம் வழங்கிய சிம்ஃபனி என்ற அலுவலகத் தொகுப்பின் நிரலிலிருந்து உருவான பக்கப்பட்டை. அது விரைவிலேயே லிப்ரே ஆஃபீஸுக்கும் வந்துவிட்டது. லிப்ரே ஆஃபீஸில் பிறந்தவை அந்த வழியே திரும்பிப் போகவில்லை. இது நியாயமா என்று அந்நாளில் வாதிட்டவர்கள் இருந்தார்கள். நியாயம் எப்படியிருந்தாலும், இரண்டுக்கும் இடையிலான தொலைவு ஆண்டுக்கு ஆண்டு கூடியதற்கு இந்த ஒருவழிப் பாதையும் காரணம்.

வெளியீடுகளை அடுக்கிப் பார்த்தாலும் இதே படம்தான். ஓப்பன் ஆஃபீஸ் 4.1 வந்தது 2014 ஏப்ரலில். அதன்பின் வந்தவை எல்லாம் 4.1 வரிசையின் திருத்தப் பதிப்புகளே. லிப்ரே ஆஃபீஸ் ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு பெரிய பதிப்பை வெளியிடுகிறது. 2024 முதல் பதிப்பெண்ணிலேயே ஆண்டும் மாதமும் தெரியும்படி 24.2, 24.8 என்று எண்ணிடுகிறது. அடிக்கடி மாறாமல் இருப்பதே ஓப்பன் ஆஃபீஸின் நன்மை என்று கருதுவோர் உண்டு. பட்டியல்களும் பொத்தான்களும் இருந்த இடத்திலேயே இருப்பது சிலருக்குப் பெரிய நிம்மதி. அதை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் பாதுகாப்பு என்று வரும்போது அசையாமை நற்குணமாக இருப்பதில்லை. 2016 ஜூலையில் ஓப்பன் ஆஃபீஸின் விளக்கக்காட்சிக் கோப்புகள் வழியே தாக்க இடம்தரும் ஓட்டை ஒன்று பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. அப்போது திருத்தப்பட்ட பதிப்பு கையில் இல்லை. ஆகஸ்டில் ஓட்டையை அடைக்கும் ஒட்டுக்கோப்பு மட்டும் வந்தது, முழுப் பதிப்பான 4.1.3 அக்டோபரில்தான் வந்தது. இடையில், செப்டம்பரில், திட்டத்தை மூடிவிடலாமா என்ற கேள்வியை அதன் அப்போதைய பொறுப்பாளரே உறுப்பினர்களிடம் எழுப்பினார். பிறர் அனுப்பும் கோப்புகளை நாள்தோறும் திறப்பவருக்கு மாறச் சொல்ல இந்த ஒரு நிகழ்வே போதுமானது.

அன்றாட வேலையில் முதலில் தட்டுப்படும் வேறுபாடு மைக்ரோசாஃப்ட் வேர்டின் டாக்எக்ஸ் கோப்புகள். ஓப்பன் ஆஃபீஸ் அவற்றைத் திறக்கும், ஆனால் அதே வடிவத்தில் சேமிக்காது. லிப்ரே ஆஃபீஸ் இரண்டையும் செய்யும். ஒரு கோப்பை வாங்கித் திருத்தி அதே வடிவத்தில் திருப்பி அனுப்ப வேண்டியவருக்கு வேறு வாதமே தேவைப்படாது. கூடவே, காலிப்ரி எழுத்துருவின் அதே அகல அளவுகளைக் கொண்ட கார்லிட்டோவை லிப்ரே ஆஃபீஸ் தன்னுடனேயே தருவதால், காலிப்ரி இல்லாத கணினியிலும் வரிகள் முறியும் இடம் பெரும்பாலும் மாறுவதில்லை. விண்டோஸில் 64 பிட் பதிப்பு லிப்ரே ஆஃபீஸுக்கு 2015 முதல் இருக்கிறது. ஓப்பன் ஆஃபீஸ் 4.1 அங்கே 32 பிட்டிலேயே நிற்கிறது. 2017-இல் வந்த லிப்ரே ஆஃபீஸ் 5.3 பதிப்பு முதல் எல்லா இயங்குதளங்களிலும் எழுத்துகளை ஹார்ஃபஸ் நிரலகம் அமைத்துத் தருகிறது. கொம்பும் காலும் இடம் மாறி விழுவதைக் கண்டு சலித்த நமக்கு இதன் அருமை தெரியும்.

மாறுவதற்கான தடை இந்தக் கிளையில் மிகக் குறைவு என்பதை மாறச் சொல்பவர்கள் போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை. இரண்டும் ஓடிஎஃப் என்னும் பொதுவான ஆவணக் கோப்புத் தரத்தையே தம் சொந்த வடிவமாகக் கொண்டவை. அது 2006-இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஏற்கப்பட்டது. பழைய கோப்புகளை மாற்றி எழுத வேண்டியதில்லை. அமைப்புகளைத் தனித்தனிக் கோப்புறைகளில் வைப்பதால் இரண்டையும் ஒரே கணினியில் அருகருகே நிறுவியும் பார்க்கலாம். எனவே "அதை நீக்கிவிட்டு இதை நிறுவுங்கள்" என்பதைவிட, "இதையும் நிறுவி, உங்கள் கோப்புகளில் சிக்கலான ஐந்தைத் திறந்து பாருங்கள்" என்பது பலன் தரும். சேர்ந்து வேலை செய்வோரில் சிலர் மட்டும் மாறினால் ஒரு நெருடல் வரும்: லிப்ரே ஆஃபீஸ் ஓடிஎஃப் தரத்தின் புதிய, நீட்டித்த பதிப்பில் சேமிப்பதால், அதில் உள்ள சில அம்சங்கள் ஓப்பன் ஆஃபீஸில் தெரியாமல் போகலாம். எல்லோரும் மாறும்வரை விருப்பங்களில் சேமிக்கும் தரத்தை ஓடிஎஃப் 1.2 என்று வைத்துக்கொள்ளலாம்.

மேக்ரோக்களும் (திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளுக்கான சிறு நிரல்கள்) நீட்சிகளும் (கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல்கள்) வைத்திருப்பவர்களிடம் மட்டும் எல்லாம் அப்படியே இயங்கும் என்று உறுதி கூறக் கூடாது. பேசிக் மொழியில் எழுதிய எளிய மேக்ரோக்கள் பெரும்பாலும் இயங்கும். நீட்சிகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கத்தான் வேண்டும். தனிச் சொற்பட்டியல்களையும் தானியங்கு உரைகளையும் பழைய கோப்புறையிலிருந்து கையால் எடுத்து வருவதே நம்பகமானது. பேஸ் என்னும் தரவுத்தள நிரல் இரண்டு தொகுப்புகளிலும் பலவீனமான பகுதி. அதன் உட்பொதிந்த தரவுத்தளத்துக்கு லிப்ரே ஆஃபீஸிலும் ஜாவா தேவைப்படும். அத்தகைய கோப்புகளில் பல ஆண்டுத் தரவை வைத்திருப்பவரைக் கடைசியில் மாற்றலாம், அதுவும் நகலெடுத்து வைத்த பிறகு.