தீவன லேப் சர்வீஸ்: டெஸ்ட் ஓகே, ரிப்போர்ட்தான் ஆளக் கவுத்துடும்

முட்டைக் கோழிக்கு தீவனம் நாங்களே அரைச்சு கலக்குறோம், அதனால லோடு வந்தா சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புற வேலை எப்பவும் உண்டு. ஒரு வருஷமா ஒரே லேப்தான். பேரு வேணாம், ஏன்னு படிச்சா புரியும்.

நல்லத முதல்ல சொல்லிடுறேன். ஸ்பீடு. என்ஐஆர் மெஷின்ல வைக்குறாங்க, தானியத்து மேல அகச்சிவப்பு ஒளிய அடிச்சு திரும்பி வர்றத வச்சு ஈரப்பதம், புரதம், கொழுப்பு எல்லாம் ஒரே மூச்சுல சொல்லிடுது, ஆசிட்ல வேகவச்சு நைட்ரஜன அளந்து 6.25ஆல பெருக்கி புரதம் சொல்ற கெல்டால் டெஸ்டுக்கு காத்துக் கெடக்க வேண்டியதில்ல. ஒரே மக்காச்சோளத்த ரெண்டு கவர்ல வேற வேற நம்பர் போட்டு அனுப்பிப் பார்த்தேன் (சந்தேகப் புத்தி, என்ன பண்றது), புரதம் ஒண்ணு 8.6, இன்னொண்ணு 8.4. இது போதும்.

கம்புக்குத்தான் இந்த நம்பிக்கை வரல. மெஷின் தானா எதையும் கண்டுபிடிக்கிறதில்ல, ஏற்கனவே கெமிக்கல் டெஸ்ட் பண்ணி வச்ச சாம்பிள்களோட ஒப்பிட்டுத்தான் சொல்லும். அதுல கம்பு எத்தன இருக்குன்னு கேட்டா மழுப்புறாங்க. அதனால கம்புன்னா கெல்டாலே போடச் சொல்லிடுறேன்.

இப்ப வயித்தெரிச்சலுக்கு வரேன். ஒரு லோடு மக்காச்சோளத்துக்கு எம்இ, அதாவது கோழி எடுத்துக்குற எனர்ஜி, கிலோவுக்கு 3800 கிலோ கலோரின்னு ரிப்போர்ட். தீவனச் சத்து டேபிள்ல சாதாரணமா 3350 பக்கம்தான் இருக்கும், நான் தங்கம்டா இதுன்னு அப்படியே தீவனக் கலவை பார்முலால ஏத்தி, எனர்ஜிதான் நிறைய இருக்கேன்னு எனர்ஜி கம்மியான தவிட்டையும் கூட்டிட்டேன். கொஞ்ச நாள்ல கோழி தீவனத்த வாரி வாரி திங்குது, முட்டை ஏறல. எனர்ஜி கொறைஞ்சா அதிகமா தின்னு ஈடு கட்டப் பார்க்கும், அது அதோட சுபாவம். ரிப்போர்ட்ட திரும்ப எடுத்துப் பார்த்தா அடியில எறும்பு சைஸ்ல, எனர்ஜி மட்டும் ஈரம் நீக்கின கணக்குன்னு போட்டிருக்கு! என் லோடுல ஈரம் 14 சதவீதம், 3800ஐ 0.86ஆல பெருக்கினா 3268தான். 532 கிலோ கலோரி காத்துல போச்சு. அதே பக்கத்துல புரதம் ஈரத்தோட கணக்கு, எனர்ஜி காஞ்ச கணக்கு, இது என்ன நியாயம். போன் பண்ணினா 'அடியிலயே போட்டிருக்கோமே சார்'ங்கிறாங்க.

அந்த எனர்ஜி நம்பர அவங்க அளக்கவே இல்லங்கிறது அடுத்த விஷயம். நெசமா அளக்கணும்னா கோழிக்கு போட்டு, எச்சத்த சேர்த்து, தின்னதையும் போனதையும் பாம் கலோரிமீட்டர்ல எரிச்சு, வர்ற சூட்ட அளந்து கழிக்கணும், உடம்புல தங்கின நைட்ரஜனுக்கு கிராமுக்கு 8.22 கிலோ கலோரி திருத்தம் வேற இருக்கு. ஒவ்வொரு லோடுக்கும் இத யாரும் பண்ண முடியாது, ஒத்துக்குறேன். புரதம், கொழுப்பு, மாவுச்சத்த ஒரு சூத்திரத்துல போட்டு கணக்கு பண்றாங்க, மக்காச்சோளத்துக்கு அது பரவால்ல. கோதுமை, பார்லின்னா எனக்கு உதறும், அதுல இருக்குற கொழகொழ நார் கோழி குடல்ல பசை மாதிரி ஆகி சத்த உறிஞ்ச விடாது, சூத்திரத்துக்கு அது தெரியவே தெரியாது. டானின்ங்கிற துவர்ப்புப் பொருள் இருக்குற சோளமும் அப்படித்தான், பேப்பர்ல ஜோரா இருக்கும்.

பாஸ்பரஸும் மொத்தத்த மட்டும் போடுறாங்க. மக்காச்சோளத்துல 0.28 சதவீதம்னா கோழியால சரியா செரிக்க முடியாத பைட்டேட்ங்கிற பொருள்ல மாட்டாம அதுக்கு கிடைக்கிறது 0.08 பக்கம்தான், புதுசா வர்றவங்க ஏமாந்துடுவாங்க. பூஞ்சை நச்சுக்கு தனி டெஸ்ட் கேக்கணும், இந்த ரிப்போர்ட்ட வச்சு தைரியமா இருக்காதீங்க. மேல் மூட்டைல ஒரு கைப்பிடி அள்ளி அனுப்பிட்டு லேப திட்டுறதும் தப்பு, நானே பண்ணிருக்கேன்.

5க்கு 3 தரலாம். விட்டுட்டு வேற லேபுக்கு போகல, ஸ்பீடுக்காக. இப்பல்லாம் கவர் மேலயே ஸ்கெட்ச் பேனாவால 'எல்லாமே ஈரத்தோட கணக்குல வேணும்'னு கொட்டை எழுத்துல எழுதித்தான் அனுப்புறேன், போன தடவை எனர்ஜிய மாத்திக் குடுத்துட்டாங்க, நார்ச்சத்து இன்னும் காஞ்ச கணக்குலயேதான் வந்துச்சு.