கிருஷ்ணகிரிக் கடைகளில் அகழாய்வுச் சாமான்கள்: எதை நம்பி வாங்கலாம்?

கிருஷ்ணகிரியில் ஹார்டுவேர் கடை, ஸ்டேஷனரி கடை, உரக்கடை மூன்றிலும் ஏறி இறங்கினால் ஒரு குழிக்கு வேண்டியதில் பெரும்பகுதி ஒரே காலையில் சேர்ந்துவிடும். தோண்டுகிற சாமான்கள் தரமாகவே கிடைக்கின்றன. பதிவு செய்கிற சாமான்களில்தான் ஓட்டை. செலவைக் குறைக்க நினைப்பவர்களும் முதலில் லேபிளிலும் பேனாவிலும்தான் கை வைக்கிறார்கள். அங்கே மட்டும் கை வைக்கவே கூடாது.

ஏன் என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே சான்று உண்டு. மயிலாடும்பாறை அகழாய்வில் 104 செ.மீ., 130 செ.மீ. ஆழங்களில் எடுத்த மாதிரிகள் கி.மு. 1615, கி.மு. 2172 என்று காலம் காட்டின. நடுவே இருப்பது 26 செ.மீ. மண், ஆனால் 557 ஆண்டு. மண் ஒரே சீராகப் படிவதில்லைதான். இருந்தாலும் குறிப்பேட்டில் ஆழத்தை 5 செ.மீ. மாற்றி எழுதினால் எத்தனை தலைமுறை இடம் மாறும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முதலில் கரண்டி. கொத்தனார் வைத்திருக்கும் 6 அங்குலப் பூச்சுக் கரண்டி வேண்டாம். அகலம் அதிகம், மண்ணடுக்கு மாறுவது கைக்குத் தெரியாது. 4 அங்குலக் கூர்முனைக் கரண்டி கேளுங்கள். வாங்கும்போது தகடும் தண்டும் சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை அந்த இடத்தில் வெல்டிங் வைத்தவை. சாந்து பூச அது போதும். இந்தப் பக்கத்துச் செம்மண்ணில் சரளை அதிகம்; முனை கல்லில் மாட்டிய நிலையில் இழுத்தால் முதலில் விடுவது வெல்டிங்தான். பிரிட்டனில் டபிள்யூ.எச்.எஸ். கம்பெனியின் 4 அங்குலக் கரண்டியும் அமெரிக்காவில் மார்ஷல்டவுன் கம்பெனியின் 5 அங்குலக் கரண்டியும் பேர் வாங்கியதற்குக் காரணம், தகடும் தண்டும் ஒரே இரும்பில் அடித்தவை என்பதே. அவ்வளவு தூரம் போகவேண்டாம். கொல்லுப்பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையைக் கொடுத்து, தண்டோடு சேர்த்து ஒரே துண்டாக, தகடு 2 மி.மீ. கனத்தில் அடித்துத் தரச் சொல்லலாம். விளிம்பை அரத்தால் ராவிக்கொண்டு, குத்தாமல் தன் பக்கம் இழுத்துச் சீவினால் தரை மட்டமாக வரும்.

மண்வெட்டி, களைக்கொத்து, கடப்பாரை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் நன்று. மண் அள்ளும் பாண்டு மட்டும் இரும்பில் வாங்குங்கள். பிளாஸ்டிக் பாண்டு சித்திரை வெயிலில் விளிம்பு வெடிக்கும்.

அளவு நாடா என்று கேட்டால் கடைக்காரர் 5 மீட்டர் ஸ்டீல் டேப்பை எடுத்து நீட்டுவார். 5 மீட்டர் சதுரத்தின் மூலைவிட்டம் 7.07 மீட்டர். அதை அளக்காமல் சதுரம் சரியா என்று சொல்லவே முடியாது. 30 மீட்டர் ஃபைபர் டேப் ஒன்று கட்டாயம். முளைக்கு மரம் வேண்டாம், சரளையில் பிளக்கும், 12 மி.மீ. கம்பியை ஒன்றரை அடியாக வெட்டி வாங்குங்கள். நூலில் மாட்டும் சிறு ரசமட்டம் மலிவு, ஆனால் கடையிலேயே சோதிக்க வேண்டும்: ஒருமுறை குமிழைப் பார்த்துவிட்டு, முனை மாற்றி மாட்டிப் பாருங்கள். குமிழ் வேறு பக்கம் ஒதுங்கினால் வாங்காதீர்கள். குழியில் அதை நூலின் நடுவில் மாட்டி, நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்தே ஆழம் அளக்க வேண்டும். நூல் தொய்ந்தால் எல்லா ஆழமும் பொய்.

மணல் சல்லடையில் 5 மி.மீ. கண் பானை ஓட்டுக்குச் சரி. கண்ணாடிப் பாசிமணிகள் பல அதைவிடச் சிறியவை. அவை மண்மேட்டுக்குப் போய்விடும். 2 மி.மீ. சல்லடை ஒன்றைக் கூடவே வைத்து, சாம்பல் மண்ணையும் தாழிக்குள் இருக்கும் மண்ணையும் அதில்தான் சலிக்க வேண்டும்.

இனி லேபிள். ஸ்டேஷனரி கடையில் நூல் கோத்த அட்டை லேபிளும் ஜெல் பேனாவும் கொடுப்பார்கள். பானை ஓடுகளைக் கழுவும் இடத்தில் ஒரு சொட்டு நீர் பட்டால் ஜெல் மைகளில் பல கரைந்து ஓடும். பையின் மேல் மார்க்கரால் எழுதியது வெயிலில் வெளுக்கும், உரசலில் அழியும். எங்கள் சிபாரிசு ஹெச்.பி. பென்சில்; கரியம் நீரிலும் கரையாது, வெயிலிலும் வெளுக்காது. இரண்டு லேபிள் எழுதுங்கள்: ஒன்று சின்ன ஜிப் பைக்குள் போட்டுப் பொருளோடு உள்ளே, மற்றது பை வாயில் கட்டி வெளியே. ஊர்க் குறியீடு, ஆண்டு, குழி எண், கால்குழி (குழியை நாலாகப் பிரித்ததில் எந்தப் பகுதி), மண்ணடுக்கு, ஆழம், தேதி, பொருள் எண், எழுதியவர் சுருக்கொப்பம் இத்தனையும் இரண்டிலும் இருக்கவேண்டும். தனிப்பொருள் என்றால் இரு சுவர்களிலிருந்து தூரமும் சேர வேண்டும். பொருளை மண்ணிலிருந்து எடுக்கும் முன்பே எழுதுங்கள். மாலையில் மொத்தமாக எழுதினால் பை மாறும், மாறியது யாருக்கும் தெரியாது. ஊர்க் குறியீடு இல்லாத ஓட்டுப் பை, எவ்வளவு அழகான கருப்பு-சிவப்பு ஓடு உள்ளே இருந்தாலும், ஆய்வுக்குப் பாதி செத்ததுதான்.

காலம் கணிக்க அனுப்பும் கரித்துண்டுக்கு மளிகைக்கடை அலுமினியத் தாள் போதும், அருமையாக வேலை செய்கிறது. சுத்தமான கரண்டி முனையால் எடுத்து, கை படாமல் தாளில் மடித்து, பிறகு ஜிப் பை. பஞ்சிலோ காகிதத்திலோ சுற்றினால் அவற்றின் கார்பனும் மாதிரியோடு கலந்துவிடும்.

வரைதாள் விஷயத்தில் உள்ளூர்க் கடைகள் ஏமாற்றம்தான். 5 மீட்டர் சதுரத்தில் ஓர வரப்பு போக மிஞ்சும் 4.5 மீட்டர் குழிச் சுவரை 1:10-இல் வரைந்தால் 45 செ.மீ. வரும், ஏ3 தாளின் நீளமே 42 செ.மீ. ஏ2 கிராஃப் கிடைக்காவிட்டால் 1:20-க்கு இறங்குங்கள், 22.5 செ.மீ. ஆகி ஏ4-இலேயே அடங்கும். மெல்லிய அடுக்குகளை விட்டுவிடாமல் 1:10-இல்தான் வரையவேண்டும் என்றால் பெங்களூரிலிருந்து ஏ2 டிராஃப்டிங் ஃபிலிம் (வரைவதற்கான பிளாஸ்டிக் தாள்) தருவியுங்கள்.

மாந்தோப்பு ஊரில் கைத்தெளிப்பான் கிடைக்காத உரக்கடை கிடையாது. காய்ந்து வெளுத்த குழிச் சுவரில் பனி மாதிரி நீர் அடித்தால் அடுக்குகளின் நிறம் பிரிந்து தெரியும். படமும் வரைபடமும் அப்போதே. புதிதாக வாங்குங்கள். பூச்சிமருந்து அடித்ததைக் கழுவிக் கொண்டுவரக் கூடாது, மண் மாதிரிகள் கெடும்.

கோடை மழைக்கு சில்பாலின் தார்ப்பாய் 18 × 18 அடி வாங்கினால் 4.5 மீட்டர் குழியைச் சுற்றி அரை மீட்டர் மிஞ்சும். படுக்கையாக விரித்தால் நடுவில் நீர் தேங்கி, அந்தக் கனம் சுவர் விளிம்பை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். குறுக்கே ஒரு மூங்கிலைத் தூக்கிக் கொடுத்து இரு பக்கமும் சரிவு வையுங்கள். ஓரத்துக்குப் பாரமாகக் கல் வைக்காமல் மணல் மூட்டை வையுங்கள்.