லாரிப் பட்டையில் அடித்த கத்தியா, பெல்ட்டில் இழைத்த கத்தியா?

நான் பீச்சாங்கைக்காரன். நாற்பது வயது வரைக்கும் கத்தி என்றால் எனக்குக் கோணலாக வெட்டுகிற ஒரு சாமான், அவ்வளவுதான். தக்காளியை நறுக்கினால் ஒரு பக்கம் தடியாகவும் மறுபக்கம் காகிதமாகவும் விழும். தேங்காயைக் கீறினால் கத்தி உள்பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். "கையே வாகில்லடா உனக்கு" என்பார் அம்மா. எங்கள் வீட்டுக் கத்தியின் வாய் ஒரு பக்கம் மட்டும் தீட்டியது, அதுவும் சோத்தாங்கைக்காரர்களுக்குத் தோதாக, என்று தெரிந்துகொண்டதே போன வருடம்தான். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

இப்போது அடுப்படியில் மூன்று கத்திகள் இருக்கின்றன. ஒன்று, அந்தியூர்ப் பக்கம் ஓர் ஆசாரி லாரி ஸ்பிரிங் பட்டையில் காய்ச்சி அடித்துத் தந்தது, 600 ரூபாய். இன்னொன்று, கோயமுத்தூரில் இன்ஜினியரிங் முடித்துவிட்டுக் கத்தி செய்வதையே தொழிலாக வைத்திருக்கும் ஒரு பையனிடம் சொல்லிவைத்து மூன்று மாதம் காத்திருந்து வாங்கியது, 7,500. மூன்றாவது, மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த ஜெர்மன் கம்பெனிக் கத்தி.

ஜெர்மன்காரனை முதலில் முடித்துவிடுகிறேன். அந்த ஊர்க் கத்திகளில் பெரும்பாலும் வருகிற எஃகில் கார்பன் அரை சதவீதம், குரோமியம் 15 சதவீதம். துருப்பிடிக்காது. கழுவித் துடைக்க மறந்துவிட்டு ஊருக்குப் போனாலும் வந்து பார்த்தால் அப்படியே இருக்கும். இரண்டு பக்கமும் தீட்டியது, ஆகவே எந்தக் கைக்கும் சரி. வாய் சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் தீட்டவும் வரும். கத்தியைப் பற்றி யோசிக்கவே விருப்பமில்லாத வீட்டுக்கு இதையே வாங்கலாம். எனக்குத்தான் யோசிக்கப் பிடித்துவிட்டது.

ஆசாரியின் பட்டறைக்குப் போனபோது துருத்தி இருந்த இடத்தில் மின்சார ஊதுவான் ஓடிக்கொண்டிருந்தது. உலையும் கரியும் சம்மட்டியும் மாறவில்லை. "என்னத்த வெட்டறதுக்குங்க? கறிக்கா, காய்க்கா?" என்று கேட்டார். இரண்டுக்கும் என்றேன். பதில் பேசாமல் என் உள்ளங்கையை விரித்துத் தன் விரலால் அளந்தார். அப்புறம் டீ வந்தது. நான் கிளாஸை வாங்கிய கையைப் பார்த்ததும், "பீச்சாங்கைங்களா தம்பி? மொதல்லயே சொல்ல வேண்டாமுங்களா" என்றார். அடித்து முடித்து வாய் பிடிக்கும்போது சரிவை மற்றப் பக்கம் வைத்தார். தனிக்காசு கேட்கவில்லை. ஜப்பான்காரர்களின் ஒருபக்க வாய்க் கத்திகளில் இடக்கைக்கு வேண்டுமென்றால் பொதுவாகக் கூடுதல் விலை என்று பிறகு தெரிந்தபோது சிரிப்புதான் வந்தது.

துவைச்சல் போட்டதை, அதாவது காய்ச்சி முக்கிக் கத்திக்குக் கடினம் ஏற்றியதை, சொல்லாமல் விட முடியாது. முதலில் தட்டிக் கதவைச் சாத்தி உள்ளே இருட்டாக்கினார். வெளிச்சத்தில் இரும்பின் நிறம் ஏமாற்றுமாம். காலைச் சூரியன் மாதிரி சிவந்ததும் கத்தியை எடுத்து, வாய்ப்பக்கம் ஒரு விரற்கடை மட்டும் எண்ணெயில் நனைத்தார். முதுகில் இன்னும் சூடு கனன்றுகொண்டிருந்தது. வெளியே எடுத்துச் செங்கல் துண்டால் பரபரவென்று தேய்க்க, கரி போய் வெள்ளை இரும்பு தெரிந்தது. முதுகில் தங்கின சூடு மெல்ல வாய்ப்பக்கம் இறங்க இறங்க, அந்த வெள்ளையின் மேல் நிறம் ஓடியது: வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு. "நீலம் வர்ற வரைக்கும் விட்டுட்டா மொக்கையாயிரும்" என்று சொல்லிக்கொண்டே, மஞ்சள் வாய்க்கு வந்த நொடியில் கத்தியை முழுசாக முக்கினார். எஃகின் மேல் வைக்கோல் மஞ்சள் என்றால் 220 டிகிரி சுமார், நீலம் என்றால் 300 சுமார். அவரிடம் தெர்மாமீட்டர் கிடையாது. இப்படிச் செய்த கத்தியில் வாய் கடினமாகவும் முதுகு மெத்தென்றும் இருக்கும். ஓங்கிப் போட்டாலும் ஒடியாது.

கோயமுத்தூர்ப் பையனிடம் உலையே இல்லை. பேரிங் செய்கிற எஃகில் தட்டைப் பட்டை வாங்குகிறான். இங்கே இ.என்.31 என்பார்கள், கார்பன் ஒரு சதவீதம். படம் வரைந்து அறுத்து, ஓட்டை போட்டு, ஓடும் எமரி பெல்ட்டில் பிடித்து இழைத்து இழைத்தே கத்தியாக்குகிறான். சூடேற்றுவது மின்சார பர்னஸில். 800 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வைத்து எண்ணெயில் முக்கி, பிறகு 200 டிகிரியில் இரண்டிரண்டு மணி நேரம் இரண்டு தடவை. நேரில் போகும் முன்பே போனில், "அண்ணா, நீங்க வெங்காயம் வெட்டற வீடியோ ஒண்ணு அனுப்புங்க" என்றான். ஆசாரி டீ கிளாஸைப் பார்த்துத் தெரிந்துகொண்டதை இவன் வீடியோவில் பார்த்துக்கொண்டான். அட்டையில் கத்தி உருவம் வெட்டி அனுப்பினான், பிடித்துப் பார்த்துச் சொல்ல. ஈட்டி மரப் பிடியில் என் சுண்டுவிரலுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. வேறு யார் பிடித்தாலும் அது இடைஞ்சல்தான்.

சரி, வெட்டிப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை அரிசிம்பருப்பு சாதத்துக்குச் சின்ன வெங்காயம் அரைக் கிலோ. பட்டறைக் கத்தியின் முதுகு 5 மில்லிமீட்டர். அது வெங்காயத்தை வெட்டுவதில்லை, ஆப்பு மாதிரி பிளக்கிறது. பாதி வெங்காயம் மேடையைத் தாண்டி ஓடியது. பையன் கத்தியின் முதுகு இரண்டரை மில்லிமீட்டர், வாய்க்குச் சற்று மேலே அரை மில்லிமீட்டர்கூட இல்லை. கத்தி இறங்குவதே தெரியவில்லை. கண்ணில் தண்ணீரும் குறைவாகத்தான் வந்தது. மழுங்கின வாய் வெங்காயத்தை நசுக்குவதால்தான் அத்தனை அழுகை. மற்ற இரண்டையும் தொடவே மனசு வரவில்லை.

மதியம் பள்ளிபாளையம் சிக்கன். தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறவும் பையன் கத்தி அருமை. அந்தத் தெம்பில் நாட்டுக்கோழித் தொடை எலும்பிலும் அதையே போட்டேன். டிக் என்று ஒரு சத்தம். வாயில் எள்ளளவு ஒரு சில்லு போயிருந்தது. தப்பு கத்தியுடையது இல்லை, என்னுடையது. கடினமான மெல்லிய வாய் எலும்புக்கு ஆகாது என்று அவன் காகிதத்தில் எழுதியே கொடுத்திருந்தான். பட்டறைக் கத்தியை எடுத்தேன். மூன்றே போடு, கோழி முடிந்தது. வாயில் கீறல்கூட இல்லை.

துரு விஷயத்தில் இரண்டும் ஒரே குலம். மாங்காய் அரிந்துவிட்டு அரை மணி வைத்தால் கறுத்துப்போகும். வாழைப்பூவை இதில் அரிந்தால் அம்மா திட்டுவார், அதுவும் கறுக்கிறது. துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவ வேண்டும். நாளாக நாளாக ஒரு சாம்பல் நீலம் படிந்து, பிறகு அவ்வளவாகத் துரு ஏறாது. எனக்கு அந்த நிறம் பிடித்திருக்கிறது, அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

அடித்ததுதான் அசல், இழைத்தது என்ன பெரிய கைவேலை என்கிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவிலும் இதே சண்டைதான். அங்கே பாப் லவ்லெஸ் பட்டையை இழைத்தே வேட்டைக் கத்தி செய்து பேர் வாங்கினார். உலைக்கார அணிக்குப் பில் மோரன். அவர் பங்குகொண்டு 1976இல் தொடங்கிய கத்திக்கொல்லர் சங்கத்தில் முதல் தகுதி பெறவே ஒரு சோதனை உண்டு. தொங்குகிற ஒரு அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். இரண்டுக்கு நாலு அங்குலக் கட்டையை இரண்டு முறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதன்பிறகும் அதே வாய் கை முடியைச் சிரைக்க வேண்டும். கடைசியில் வைஸில் மாட்டி 90 டிகிரி வளைத்தாலும் ஒடியக் கூடாது. எங்கள் ஆசாரியிடம் இதைச் சொன்னால் கயிற்றுக்குக் காசு யார் தருவது என்றுதான் கேட்பார். என் கட்சி இது: ஆலையில் உருட்டி வந்த எஃகைச் சம்மட்டியால் அடிப்பதால் அது உயர்ந்துவிடுவதில்லை. கத்தியின் உயிர் துவைச்சலில் இருக்கிறது, அப்புறம் வாயின் மெலிவில். உலையில் காய்ச்சினாலும் பர்னஸில் வைத்தாலும் சூடு தப்பினால் அது தகரம்.

இந்த இரண்டுக்கும் முன்னால் ஏமாந்த கதையும் ஒன்று உண்டு. ஆன்லைனில் 2,200 ரூபாய்க்கு அலை அலையாகக் கோலம் போட்ட 'டமாஸ்கஸ்' கத்தி வாங்கினேன். ஒரு மாதத்தில் வாய் மடங்கிவிட்டது, இரும்பு நாரால் தேய்த்ததில் கோலமும் போய்விட்டது. உண்மையான கோலம் என்றால் இரண்டு வகை எஃகை அடுக்கி ஒட்டி அடித்து, பெரிக் குளோரைடு என்கிற அமிலக் கரைசலில் ஊறவைப்பார்கள். நிக்கல் உள்ள அடுக்கு வெளுத்து நிற்கும், மற்றது கறுக்கும். அதை எமரித் தாளால் அழித்தாலும் மறுபடி அமிலத்தில் வைத்தால் கோலம் திரும்பி வந்துவிடும். வராவிட்டால் அது மேல்பூச்சு. பழைய காலத்து டமாஸ்கஸ் வாள்களின் கோலமோ வேறு சங்கதி. தென்னாட்டில் மூசை என்கிற மண்குடுவையில் உருக்கிய உருக்குக்குள்ளேயே அது இருந்தது. சென்னிமலைப் பக்கம் நொய்யல் கரையில் கொடுமணலில் இரும்பும் உருக்கும் செய்த உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள், இரண்டாயிரம் வருடத்துக்கும் முந்தியவை. என் வண்டியில் போனால் அரைமணி நேரம். அந்த மண்ணில் இருந்துகொண்டு நான் ஆன்லைனில் கோலம் வாங்கியிருக்கிறேன்.

காசு கணக்கு: காட்டு வேலை, தேங்காய், கறி என்றால் ஆசாரிதான், யோசிக்கவே வேண்டாம். நாளுக்கு ஒரு மணி நேரம் காய் நறுக்குகிறவருக்கு 7,500 அதிகமில்லை என்பேன். இரண்டில் ஒன்றுக்குத்தான் வழி என்றால் 600 ரூபாய்க் கத்தியை வாங்கி, சாணைக்காரரிடம் கொடுத்து வாயை இன்னும் மெலியச் சொல்லுங்கள்.

சில்லுப் போனதைச் சரிபண்ணப் பையனிடம் போனபோது பட்டறைக் கத்தியையும் கொண்டுபோனேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அரத்தை எடுத்து வாயில் வைத்து இழுத்தான், வழுக்கியது. முதுகில் வைத்தான், கரகரவென்று கடித்தது. "ஒரே கத்தியில ரெண்டும் எப்படிண்ணா?" என்றான். செங்கல்லையும் மஞ்சள் நிறத்தையும் சொன்னேன். என் கத்தியை மறந்துவிட்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தான். வருகிற ஞாயிறு இரண்டு பேரும் அந்தியூர் போகிறோம். அவனுக்குத் துவைச்சல் பார்க்க வேண்டுமாம். எனக்கு மட்டை வெட்ட ஒரு கொடுவாள் வேண்டும், பீச்சாங்கைக்கு.