ஆப்டோஸ்டிம்1: நீல ஒளியில் திறக்கும் கால்சியம் கதவு

செல்லுக்குள் கால்சியத்தை ஏற்ற, அதைச் சவ்வைத் தாண்டி உள்ளே கடத்தும் அயனோமைசின் என்ற மருந்தை ஊற்றியே பழகியவன் நான். ஊற்றிவிட்டால் தட்டில் இருக்கிற அத்தனை செல்லிலும் ஏறிவிடும், பாதியில் நிறுத்தவும் வழியில்லை. ஒளி பட்டால் திறக்கும் சேனல்ரோடாப்சின்-2 என்ற அயனிச் சேனல் இருக்கிறதே என்பார்கள். அது பெரும்பாலும் புரோட்டானையும் சோடியத்தையும்தான் விடும். எனக்குக் கால்சியம் மட்டும் வேண்டும், அதுவும் நான் கைகாட்டும் செல்லில் மட்டும். அதற்கு 2015-இல் கொரியாவின் கைஸ்ட் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட ஆப்டோஸ்டிம்1 என்ற புரதக் கருவி சரியாகப் பொருந்துகிறது.

அராபிடாப்சிஸ் செடியின், நீல ஒளியை உணரும் கிரை2 புரதத்தை, கால்சியம் சேனலைத் திறக்கும் ஸ்டிம்1 புரதத்தின் ஒரு துண்டோடு ஒட்டியிருக்கிறார்கள். நீல ஒளி பட்டதும் கிரை2 கொத்துக் கொத்தாகச் சேர, ஸ்டிம்1 செல் சவ்வில் இருக்கும் ஓராய்1 என்ற கால்சியம் சேனலைத் திறந்துவிடுகிறது. கால்சியம் செல்லுக்குள் சுமார் 100 நானோமோலார், வெளியே 1 முதல் 2 மில்லிமோலார் என்பதால் கதவு திறந்தாலே போதும், தானாக உள்ளே பாயும். செல்லின் சொந்தக் கதவு வழியாகவே வருகிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. கிரை2 ஒளியை உணரத் தேவையான எஃப்ஏடி என்ற துணைமூலக்கூறு செல்லிலேயே இருக்கிறது, தனியாக எதுவும் சேர்க்க வேண்டாம்.

முதல் வாரம் முழுக்க வீண். டிரான்ஸ்ஃபெக்ஷன், அதாவது செல்லுக்குள் மரபணுவை ஏற்றுவது, நன்றாக வந்திருந்தது, ஆனால் ஒளி கொடுக்கும் முன்பே கால்சியம் ஏறிக் கிடந்தது, ஏன் என்று பார்த்தால் பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதம் ஒட்டிய வடிவம் என்பதால் செல்லைத் தேட நான் போட்ட 488 நானோமீட்டர் லேசரே கிரை2-வை எழுப்பிவிட்டிருக்கிறது. அப்புறம் தட்டை அலுமினியத் தாளில் சுற்றி, சிவப்பு விளக்கில் வேலை செய்து, கால்சியம் ஏறினால் சிவப்பில் ஒளிரும் ஆர்-ஜிகோ1 என்ற காட்டியை வைத்து 561 நானோமீட்டர் லேசரில் செல்லைத் தேடினேன். ஒரே ஒரு செல்லின் மேல் நீல ஒளியைக் காட்டியதும் அது மட்டும் மெல்லப் பிரகாசமாகி, ஒட்டி இருந்த பக்கத்துச் செல் அப்படியே இருட்டில் கிடந்ததைப் பார்த்தபோது அந்த வாரம் போனதே மறந்துவிட்டது.

ஆர்-ஜிகோ1 மட்டும் உள்ள செல்லுக்கும் கட்டாயம் நீல ஒளி கொடுத்துப் பாருங்கள். கால்சியம் ஏறாமலே அது நீல ஒளியில் பிரகாசமாகும், அதைக் கழிக்காமல் வரைபடம் போட்டால் தப்பு. கால்சியம் வெளியிலிருந்துதான் வருகிறதா என்று பார்க்க, வெளியே கால்சியம் இல்லாத கரைசலிலும் ஒருமுறை ஓட்டுங்கள்.

குறை என்றால் அணைவதுதான். விளக்கை நிறுத்திய பிறகும் கால்சியம் கீழே இறங்கப் பல நிமிடம் ஆகும். மில்லிநொடித் துடிப்பு வேண்டும் என்பவர்கள் இதை எடுக்காதீர்கள். நிமிடக் கணக்கில் கால்சியத்தை உயர்த்தி வைத்து, கால்சியம் ஏறினால் மரபணுக்களை இயக்கும் என்ஃபேட் புரதம் செல்லின் உட்கருவுக்குள் போகிறதா என்று பார்க்க நினைப்பவர்கள் தயங்காமல் எடுக்கலாம்.