பழைய டாட்சன் பக்கியில் 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர்: மூன்று வருட ஓட்டத்துக்குப் பிறகு

எங்கள் வீட்டு டாட்சன் 1200 பக்கி (பின்னால் சரக்குத் தட்டு உள்ள சிறிய வண்டி) அப்பா வாங்கியது. 1171 சிசி எஞ்சின். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் இருந்து கிளேர்வுட் மார்க்கெட்டுக்கும், அங்கிருந்து கோயில் வாசல்களுக்கும் செண்டுப்பூ, வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை என்று நாற்பது வருடத்துக்கு மேல் சுமந்திருக்கிறது. விற்கச் சொல்லாதவர்கள் கிடையாது. விற்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் இன்றைய தேவைக்கு ஏற்ப அதைச் சரிப்படுத்த வேண்டியதாயிற்று. 2022 ஜூன் மாதம், எஞ்சின் ஓட்டத்தில் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரை மாற்றினேன். அதற்குப் பிறகு 41,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது.

பழைய ஆல்டர்னேட்டர் 35 ஆம்பியர். வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் தனியாக ஃபெண்டர் ஓரத்தில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தது. அந்தக் காலத்து வண்டிக்கு அது போதும். என் வேலைக்குப் போதவில்லை. விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பும்போது ஹெட்லைட்டுக்கும் பின் விளக்குகளுக்கும் சேர்த்து 12 ஆம்பியர், மழை என்றால் வைப்பருக்கு 4, கண்ணாடிப் புகைச்சலை விரட்டும் காற்றாடிக்கு 6, எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் இக்னிஷனுக்கு 3, வெற்றிலை வைக்கும் 12 வோல்ட் குளிர்பெட்டிக்கு 5. கூட்டினால் 30. ‘35 இருக்கிறதே, அப்புறம் என்ன’ என்று நானும் நினைத்தேன்.

அங்கேதான் தவறு. ஆல்டர்னேட்டர் மேல் பொறித்திருக்கும் ஆம்பியர் அது வேகமாகச் சுழலும்போது கிடைப்பது. பொதுவாக அதன் தண்டு நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றும் நிலையில் அளந்த கணக்கு. ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, அது 750 சுற்றில் இருந்தால், புல்லி அளவைப் பொறுத்து ஆல்டர்னேட்டர் ஏறக்குறைய அதைப் போல் இரண்டு மடங்கு சுற்றும், அவ்வளவுதான். அந்த வேகத்தில் என் பழையது பாதிகூடக் கொடுக்கவில்லை. மிச்சத்தை பேட்டரி கொடுத்தது. ரோபோட்டில் (சிக்னல் விளக்கில்) நிற்கும்போதெல்லாம் விளக்கு மங்கி, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மறுபடி பிரகாசமாகும். பழைய வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. வோல்ட் 5 விழுக்காடு குறைந்தாலே ஹெட்லைட் வெளிச்சம் 15 விழுக்காடு குறைந்துவிடும். மழை இரவில் அந்த 15 விழுக்காடு ஒரு மனிதர் கண்ணுக்குத் தெரிவதா தெரியாமல் போவதா என்கிற வித்தியாசம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்கு முந்தைய நாள் மாலை ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் வைப்பர் பாதிக் கண்ணாடியில் தயங்கித் தயங்கி நின்றதைப் பார்த்த பிறகுதான் இனி இப்படியே ஓட்டுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

முதலில் போன கடையில் 90 ஆம்பியர் போடச் சொன்னார்கள். ஆசையாகத்தான் இருந்தது. பழைய வண்டி வேலையிலேயே தலை நரைத்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் மாமா ஒருவர் தடுத்தார். “தம்பி, உன் எஞ்சின்ல ஒத்தை வி பெல்ட்டுதான். 90 கேட்டா அது வழுக்கும். 60 போதும். ஆனா கம்பி மாத்தாம மாட்டாத” என்றார். கணக்குப் போட்டால் அவர் சொன்னது சரி. 60 ஆம்பியர் முழுதாக எடுத்தாலே, வீணாகும் வெப்பத்தையும் சேர்த்து, எஞ்சினிடம் இருந்து ஏறக்குறைய இரண்டு குதிரைத்திறன் போகிறது. அத்தனையையும் அந்த ஒரு பெல்ட்தான் இழுக்க வேண்டும். சரி என்று பின்னால் வந்த நிசான் ஒன்றில் இருந்து கழற்றி, புது பேரிங், புது பிரஷ் போட்ட 60 ஆம்பியர் ஹிட்டாச்சி ஒன்றை வாங்கினேன். ரெகுலேட்டர் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆதாரத் துளைகள் அப்படியே பொருந்தின. புல்லி மட்டும் ஒரு வாஷர் கனம் விலகி இருந்தது. எஃகு அளவுகோலை கிராங்க் புல்லி முகத்தில் வைத்துப் பார்த்து நேராக்கினோம்.

கம்பி வேலைக்கு இன்னொரு இடத்தில் கொடுத்தேன், அதில் ஒரு கோளாறு. வண்டி வந்த அன்று சாவியைத் திருப்பி எடுத்தேன், எஞ்சின் நிற்கவில்லை! சாவி கையில் இருக்கிறது, எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. கியரில் போட்டு கிளட்சை விட்டு நிறுத்த வேண்டியிருந்தது. வெளி ரெகுலேட்டரை எடுத்துவிட்டு உள் ரெகுலேட்டருக்கு மாறும்போது நடக்கக்கூடிய விஷயம் இது. எச்சரிக்கை விளக்குக்குப் போகும் ‘எல்’ முனை வழியாக ஆல்டர்னேட்டரில் இருந்து கரண்ட் திரும்பி வந்து இக்னிஷன் காயிலுக்கு ஊட்டுகிறது. மாமாவிடம் கொண்டுபோனதும் மேசை டப்பாவில் இருந்து கரண்டை ஒரு பக்கம் மட்டுமே விடும் அரிசிமணி அளவு டயோடு ஒன்றை எடுத்து அந்தக் கம்பியில் வைத்துப் பற்றவைத்தார், வெள்ளிக் கோடு ஆல்டர்னேட்டர் பக்கம் இருக்கும்படி. சாவியை எடுத்தேன், நின்றது. இந்த மாற்றத்தைச் செய்யப் போகிறவர்கள் டயோடு வேலையை முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இந்த மூன்று வருடத்தில் எனக்கு அதிகப் பலன் தந்தது ஆல்டர்னேட்டர் இல்லை, அதோடு மாற்றிய இரண்டு கம்பிகள். மாட்டிய முதல் வாரம் பழைய சார்ஜ் கம்பியையே விட்டிருந்தார்கள். எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் பின்பக்கத்து போல்ட்டிலும் மறு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் வைத்தேன். 0.7 வோல்ட் வழியிலேயே காணாமல் போனது. எஞ்சின் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையில் 0.4. ஆக, ஆல்டர்னேட்டர் 14.3 கொடுத்தால் பேட்டரிக்குப் போய்ச் சேர்ந்தது 13.2. பிறகு 16 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி நேராக பேட்டரிக்கு, பேட்டரி அருகில் 80 ஆம்பியர் ஃபியூஸ், எஞ்சினில் இருந்து சேஸிஸுக்கும் பேட்டரி மைனஸுக்கும், கரண்ட் திரும்பும் வழியாக, புது எர்த் பட்டை. துருவைச் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்துத்தான் முடுக்கினோம். இரண்டு பக்கமும் சேர்த்து இழப்பு 0.2 வோல்ட்டுக்குக் கீழே வந்தது. காசு குறைவாக இருந்தால் முதலில் இந்தக் கம்பிகளையும் எர்த்தையும் மாற்றிப் பாருங்கள். சிலருக்கு அதுவே போதும்.

மூன்று வருடத்தில் என்னென்ன ஆனது? 2023-ல் லோட் ஷெட்டிங் (முறைவைத்து மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது, 300 வாட் இன்வெர்ட்டரை பக்கியில் மாட்டி வீட்டு விளக்கு, டிவிக்குக் கொடுத்துப் பார்த்தேன். ஓடியது, ஆனால் ஒரு மணி நேரத்தில் ஆல்டர்னேட்டர் மேல் கை வைக்க முடியவில்லை. ஐடிலில் அதன் காற்றாடி மெதுவாகத்தான் சுற்றும், சூடு வெளியேறாது. நிறுத்திவிட்டேன். 29,000 கிலோமீட்டரில் பேரிங் லேசாக முனகத் தொடங்கியது, மாற்றினேன். பெல்ட் ஒன்று போனது. பெட்ரோல் செலவில் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. டர்பன் கடற்காற்று செப்பு முனைகளைப் பச்சையாக்கிவிடும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை துடைத்து வாஸ்லின் தடவுகிறேன். பேட்டரி முழுதாக இறங்கிப்போனால் வீட்டுச் சார்ஜரில் ஏற்றிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன். இறந்த பேட்டரியை உயிர்ப்பிக்கும் வேலையை ஆல்டர்னேட்டர் தலையில் கட்டினால் அது வெந்துவிடும்.

எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது 3,400 ராண்ட். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கம்பிக்கும் ஃபியூஸுக்கும் கம்பி முனையில் மாட்டும் லக்குகளுக்கும்.

போன பெரிய வெள்ளிக்கு இசிப்பிங்கோ ரயில் மாரியம்மன் கோயிலுக்குப் பூ கொண்டுபோயிருந்தேன். இருட்டிலேயே வியாபாரம் ஆரம்பம். இரண்டு எல்இடி விளக்கு, குளிர்பெட்டி, எஞ்சின் ஐடிலில். டாஷ்போர்டில் ஒட்டிய சின்ன வோல்ட் மீட்டர் 13.9 காட்டியது. முன்பெல்லாம் அதே இடத்தில் 12.3-க்கு இறங்கி, அப்பா கால் மணிக்கு ஒருமுறை எழுந்துபோய் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார். இந்த முறை அவர் எழுந்திருக்கவே இல்லை, உட்கார்ந்து மாலை கட்டிக்கொண்டிருந்தார்.