பறவை பார்க்க எந்தக் கேமரா: 2,650 கிராமா, 1,005 கிராமா?

பறவை பார்க்கக் கேமரா வாங்க வேண்டும், எதை எடுக்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, காலையில் எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்பதைத்தான். நாலு வருஷம் நிக்கான் டி7500 பாடியில் சிக்மா 150-600 லென்ஸை மாட்டிக்கொண்டு தஞ்சைப் பக்கத்து ஏரிக்கரைகளில் அலைந்தேன். பிறகு இரண்டையும் விற்றுவிட்டு, லென்ஸும் பாடியும் ஒன்றாகவே இருக்கும் நிக்கான் கூல்பிக்ஸ் பி950 வாங்கினேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

படத்தின் தரத்தில் பெரிய லென்ஸ்தான் மேல், அதில் பேச்சுக்கே இடமில்லை. ஒளியைப் படமாக்கும் சென்சாரின் பரப்பு டி7500-இல், பி950-இல் இருப்பதைப்போல் ஏறக்குறைய 13 மடங்கு. பி950 பெட்டியில் போட்டிருக்கும் 2000 மி.மீ. என்பது 35 மி.மீ. ஃபிலிம் கணக்கு, அதாவது ஃபிலிம் கேமராவில் இதே நெருக்கத்துக்குத் தேவைப்படும் நீளம்; லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 357 மி.மீ.தான். அதே கணக்கில் சிக்மா 900 வரை போகும். அந்தப் படத்தை 2000-க்குச் சமமாக வெட்டினாலும் கையில் 4 மெகாபிக்சல் மிஞ்சும், இறகு இறகாகத் தெரியும். பறக்கும் தகைவிலானை எடுக்க வேண்டும், சுவரில் மாட்ட வேண்டும் என்றால் யோசிக்காமல் பெரிய லென்ஸுக்கே போங்கள்.

என்னை மாற்றியது எடை. லென்ஸ் 1,930 கிராம், பாடி 720 கிராம், ஆக 2,650. கழுத்தில் ஏற்கெனவே பைனாகுலர் தொங்கும். ஆறு மணிக்குக் கரையில் ஏறினால் ஏழரைக்குள் தோள்பட்டை கடுக்க ஆரம்பிக்கும், லென்ஸ் பைக்குள் போய்விடும். அதன்பின் பனங்காடை பக்கத்துக் கம்பியில் வந்து உட்கார்ந்தாலும் ஜிப்பைத் திறக்கும் சத்தத்திலேயே கிளம்பிவிடும். வேலைக்குப் போகுமுன் அரை மணி நேரம் வயல் பக்கம் சைக்கிளில் போய்வரும் நாட்களில் அந்த லென்ஸை நான் எடுத்ததே இல்லை. அப்படிப்பட்ட நாட்கள்தான் எனக்கு அதிகம். பி950 பேட்டரியோடு சேர்த்து 1,005 கிராம். தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டால் சைக்கிள் மிதிக்கும்போதும் உறுத்துவதில்லை.

அதனால் என்ன லாபம் என்பதற்கு ஒரு காலையைச் சொல்கிறேன். வற்றிக்கொண்டிருந்த ஏரியின் சேற்றில் சிட்டுக்குருவி அளவில் ஓர் உள்ளான் மேய்ந்துகொண்டிருந்தது. கொசு உள்ளானா, டெமிங்க் கொசு உள்ளானா என்று சந்தேகம். முன்னதற்குக் கால் கறுப்பு, பின்னதற்கு மஞ்சளும் பச்சையும் கலந்த வெளிர் நிறம். பைனாகுலரில் கால் கறுப்பாகத்தான் தெரிந்தது. கேமராவை முழு ஜூமுக்குக் கொண்டுபோய், முழங்காலில் முழங்கையை ஊன்றிப் பார்த்தபோதுதான் அந்தக் கறுப்பு காய்ந்த சேறு என்று புரிந்தது. பறவை நாலடி தள்ளித் தண்ணீருக்குள் இறங்கி ஏறியது. சேறு கழுவிப் போய் மஞ்சள் கால் வெளியே வந்தது. டெமிங்க்! படம் சுமார்தான், இறகின் ஓரமெல்லாம் குழைந்திருந்தது. ஆனால் கால் நிறம் சந்தேகமில்லாமல் பதிவாகியிருந்தது, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்டு தளத்தில் என் பட்டியலில் பெயரோடு ஏற்றினேன். பழைய லென்ஸில் இதைவிட நல்ல படம் கிடைத்திருக்கும். ஆனால் அன்று அது வீட்டு அலமாரியில்தான் இருந்திருக்கும்.

2000 மி.மீ.-இல் பறவையைத் திரைக்குள் கொண்டுவருவது ஆரம்பத்தில் பெரும்பாடு. லென்ஸின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் காட்சி அகலமாகும், பறவையை நடுவில் வைத்துப் பொத்தானை விட்டால் மறுபடி பழைய ஜூமுக்கே போகும். ஒரு வாரம் வீட்டு மாடியில் மைனாக்களை வைத்துப் பழகினால் கை தானாகவே அங்கே போகும்.

குறைகளும் உண்டு. தொடர்ச்சியாக எடுத்தால் பத்துப் படத்தோடு நின்று, கார்டில் எழுதி முடிக்கும்வரை காக்க வைக்கும். மீன்கொத்தி பாய்வது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். முழு ஜூமில் ஒளி நுழையும் துவாரம் எஃப்6.5, அதாவது உள்ளே வரும் வெளிச்சம் குறைவு; மேகமூட்டத்திலும் மரநிழலிலும் படம் புள்ளி புள்ளியாகிவிடும். சோலைக்காட்டுக்கு நான் இதைக் கொண்டுபோனதில்லை, அங்கே எப்படி இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். வெயில் ஏறிச் சேற்றின்மேல் கானல் ஆடத் தொடங்கிவிட்டால் எந்தக் கேமராவும் உதவாது, பெரிய லென்ஸும் சேர்த்துத்தான்.

இதே நிக்கான் வரிசையில் 3000 மி.மீ. வரை போகும் பி1000-இன் எடை 1,415 கிராம். அந்த ஜூம் ஆசைக்காக, விட்ட எடையில் கால்வாசியைத் திரும்பச் சுமக்க மனம் வரவில்லை. சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4-ஐ நண்பரிடம் வாங்கி ஒரே ஒரு காலை பயன்படுத்தினேன். ஃபோகஸ் வேகம் அசத்தியது, ஆனால் 600-ஓடு நிற்கிறது. விலையும் எனக்கு எட்டாதது.

பராமரிப்பு விஷயத்தில் இன்னும் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. பெரிய லென்ஸைக் கழற்றி, சென்சார் தூசியை நானே ஊதிவிடுவேன். இதில் லென்ஸைக் கழற்ற முடியாது. ஜூம் குழல் நீளும்போது உள்ளே இழுக்கும் காற்றோடு தூசி போனால் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். என்னுடையதில் இதுவரை ஒரு புள்ளியும் இல்லை. அறுவடை நாட்களில் களத்துமேட்டுப் பக்கம் போனால் ஜூமை நீட்டுவதில்லை. வீட்டுக்கு வந்ததும் குழலைத் துணியால் துடைத்து, இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்துவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் அந்த ஜெல்லை வாரம் ஒருமுறை மாற்றுகிறேன்.